இயற்கையைக் கேட்டீரா?

"ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கின்றன?"

தோழர்களே! இந்தக் கேள்வி ஒலிக்காத திண்ணை உண்டா, தேநீர்க் கடை உண்டா? பிறப்பினால் உயர்வில்லை, தாழ்வில்லை என்று நாம் முழங்கும்போதெல்லாம் எதிரே ஒரு கை நீள்கிறது. ஐந்து விரலையும் விரித்துக் காட்டுகிறது. ஆணும் பெண்ணும் நிகர் என்கிறோம். மீண்டும் அதே கை, அதே விரல்கள்! "ஏற்றத்தாழ்வு இயற்கை வகுத்ததப்பா! அதை மாற்ற நீ யார்?" என்று எகத்தாளம் வேறு!

விரல் காட்டும் அந்த வித்தகரை ஒன்று கேட்கிறேன். ஐயா, மூச்சுக்கு மூச்சு இயற்கை என்கிறீரே, அந்த இயற்கையை என்றேனும் நேரில் கேட்டீரா? கேட்டு, அது தந்த விடையைத்தான் சொல்கிறீரா? அல்லது உம் பாட்டனார் சொல்லிப் போனதை இயற்கையின் தலையில் ஏற்றிவைத்து ஊரை அச்சுறுத்துகிறீரா?

இயற்கையை நேரில் கேட்டவர்கள் உண்டு. அவர்கள் கதையைக் கேளுங்கள். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் அணுக்கருவைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நகைப்பர், நகைக்கட்டும்! கேள்வி கேட்கப் பட்டம் தேவையில்லை என்பதே இந்தக் கதையின் சாரம்.

இயற்பியலார் ஒரு விதியை நெடுங்காலம் கருவறைச் சிலைபோல் போற்றி வந்தனர். இடம், வலம் என்ற வேற்றுமை இயற்கைக்குக் கிடையாது என்பது அந்த விதி. ஒரு நிகழ்ச்சியைக் கண்ணாடியில் பாருங்கள். இடம் வலமாகும், வலம் இடமாகும். கண்ணாடிக்குள் தெரியும் நிகழ்ச்சியும் மெய்யுலகில் நடக்கக்கூடியதே என்றனர். 1927ஆம் ஆண்டில் யூஜீன் விக்னர் இதனை அணுவுலகுக்குரிய கணித விதியாக வடித்துத் தந்தார். மின்காந்த விசையில் பார்த்தனர், பொருந்திற்று. அணுக்கருவைக் கட்டிக் காக்கும் வல்விசையில் பார்த்தனர், பொருந்திற்று. இரண்டிடத்தில் பொருந்தியது எல்லா இடத்திலும் பொருந்தும் என்று தீர்ப்பெழுதி விட்டனர்!

ஆனால் அணுக்கருவுக்குள் இன்னொரு விசையும் உண்டு. மெல்விசை என்பது அதன் பெயர். சில அணுக்கருக்கள் தாமாகவே மாறி எலெக்ட்ரானை வெளியே வீசுகின்றனவே, அந்தப் பீட்டாச் சிதைவு மெல்விசையின் வேலை. மலையனைய எந்திரம் இல்லாமலே, குறைந்த ஆற்றலில், ஒரு சிறு படிகத்திற்குள் நடக்கும் நாடகம் அது.

1950களில் ஒரு புதிர் முளைத்தது. தீட்டா என்றொரு துகள். டௌ என்றொரு துகள். எடையிலே வேற்றுமை இல்லை. வாழ்நாளிலே வேற்றுமை இல்லை. ஆயினும் ஒன்று இரண்டு பயான்களாகச் சிதைந்தது. மற்றொன்று மூன்றாகச் சிதைந்தது. கண்ணாடி விதி மெய்யானால் இரண்டும் ஒரே துகளாக இருக்க இயலாது. என்ன செய்வது? துகளைச் சந்தேகித்தோர் பலர். விதியைச் சந்தேகிக்கத் துணிந்தோர் மிகச் சிலர்.

அத்துணிவு கொண்டு கணக்கிட்டுப் பார்த்தவர் இருவர். சீனத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய லீ, யாங் என்னும் கோட்பாட்டறிஞர்கள். லீக்கு அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அதுவரை நடந்த பீட்டாச் சிதைவுச் சோதனைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினர். கண்டது என்ன? மெல்விசையில் கண்ணாடி விதி செல்லுமா, செல்லாதா என்பதற்கு அவற்றில் எதுவுமே விடை தருவதாக இல்லை! ஊரறிந்த உண்மை என்று பேசினார்களே, அதற்குச் சான்றே இல்லை! 1956 அக்டோபரில் இதை அச்சில் ஏற்றினர். எந்தச் சோதனை செய்தால் விடை கிடைக்கும் என்பதையும் எழுதினர்.

சோதனைக்கு முன்வந்தவர் ஒரு பெண்மணி. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சியன் ஷியுங் வூ. கணவருடன் மேற்கொள்ளவிருந்த கப்பற் பயணத்தையும் கைவிட்டு, வாஷிங்டனில் இருந்த தேசியத் தரநிர்ணய நிலையத்தின் குளிர்நிலை வல்லுநர்களுடன் பணியில் இறங்கினார். கோபால்ட் 60 என்னும் ஐசோடோப்பை எடுத்தார். தனிச்சுழிக்கு மேல் ஏறத்தாழ ஒரு பாகையில் நூற்றில் ஒரு பங்கு என்ற கடுங்குளிரில் அதை வைத்தார். பம்பரம்போல் சுழலும் அணுக்கருக்களைக் காந்தப் புலத்தால் ஒரே திசை நோக்கி அணிவகுக்கச் செய்தார். வெளிவரும் எலெக்ட்ரான்களை எண்ணினார். கண்ணாடி விதி மெய்யானால், சுழற்சியின் அச்சுக்கு மேலும் கீழும் ஒரே அளவில் அவை பறந்து வரவேண்டும்.

அந்த நேரத்தில் ஐரோப்பாவிலிருந்து ஒரு பெருங்குரல் எழுந்தது. நோபல் பரிசு பெற்றவர், நியூட்ரினோ என்ற துகள் உண்டென 1930லேயே கணித்துச் சொன்னவர், பௌலி! ஆண்டவன் இடக்கைப் பழக்கமுடையவன் என்பதைத் தாம் நம்பவில்லை என்றும், பெருந்தொகை பந்தயம் கட்டவும் ஆயத்தம் என்றும் 1957 ஜனவரி 17ஆம் நாள் நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

இயற்கையோ அதற்கு முன்பே விடை சொல்லிவிட்டது! எலெக்ட்ரான்கள் சுழற்சித் திசைக்கு எதிர்ப்புறமே மிகுதியாகப் பறந்தன. காந்தப் புலத்தைத் திருப்பினர். எலெக்ட்ரான்களின் சாய்வும் திரும்பியது. கண்ணாடி விதி மெல்விசையின் வாயிலில் வீழ்ந்தது. பௌலி என்ன செய்தார்? சோதனை பொய் என்று சாதித்தாரா? வூவின் மீது வசை பாடினாரா? இல்லை. தோற்றேன் என்று ஒப்பினார். பந்தயம் உறுதியாகாததால் பணமாவது தப்பியது என்று தம்மையே நகையாடிக்கொண்டார். அவர் அறிஞர். நம் ஊர் வித்தகருக்கு அந்த நேர்மையில் நூற்றில் ஒரு பங்கு வாய்த்திருந்தால் நமக்கு மேடை எதற்கு, ஏடு எதற்கு?

கதை அத்துடன் முடியவில்லை. கேரளத்தில் பிறந்து, தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தார் சுதர்சன். மெல்விசை எந்த வடிவில் இயங்குகிறது என்பதை 1957இல் ஆசிரியர் மார்ஷக்குடன் சேர்ந்து வகுத்தார். நான்கு சோதனைகள் அதற்கு முரணாக நின்றன. அவை பிழையாக இருக்கவேண்டும், மீண்டும் செய்து பாருங்கள் என்றது அவர்கள் கோட்பாடு. செய்து பார்த்தனர், கோட்பாடே வென்றது. கோட்பாடு ஏட்டுச் சுரைக்காய் என்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும். அதுவும் சும்மா வெல்லவில்லை. மறு விசாரணை கேட்டு, இயற்கையின் மன்றத்திலேயே நின்று வென்றது.

இப்போது துள்ளி எழுவார் விரல் காட்டும் வித்தகர். "ஆகா! இயற்கையே இடம் வலம் பார்க்கிறதே! நான் சொன்னது மெய்யாயிற்றே!" என்று குதிப்பார்.

பொறுங்கள் ஐயா! வேறுபாடு வேறு, பாகுபாடு வேறு. எலெக்ட்ரான் ஒரு பக்கம் மிகுதியாகப் போகிறது, அது வேறுபாடு. அந்தப் பக்கம் உயர்ந்தது, மற்றப் பக்கம் தீண்டத்தகாதது என்று கோபால்ட் சொல்லிற்றா? எந்த அணுக்கருவாவது தன் பிறந்த ஊரைக் கூறி விதிவிலக்குப் பெற்றதா? ஐந்து விரலும் நீளத்தில் வேறுதான். ஆனால் நெருப்புப் பட்டால் சுண்டுவிரலுக்கு வலிக்காதா? குட்டை என்பதற்காக அதற்குக் குருதி மறுக்கிறதா இதயம்?

பாகுபாட்டைச் செய்தது இயற்கை அன்று, மனிதர்! சான்று வேண்டுமா? 1957ஆம் ஆண்டின் நோபல் பரிசு லீக்கும் யாங்குக்கும் கிடைத்தது. அவர்கள் தகுதியைக் குறை கூறுவார் இலர். அப்பரிசை மூவர் வரை பகிர்ந்துகொள்ளலாம் என்பது விதி. மூன்றாம் இடம் காலியாகவே இருந்தது. கடுங்குளிரில் கண் துஞ்சாது இயற்கையின் விடையை வாங்கித் தந்த வூவுக்கு அது வழங்கப்படவில்லை. பின்னாளில் பலமுறை அவர் பெயர் முன்மொழியப்பட்டும் வரவேயில்லை. 1975இல் அமெரிக்க இயற்பியல் கழகத்தின் முதல் பெண் தலைவர் ஆனார். 1978இல் வுல்ஃப் பரிசு வந்தது. நோபல் வராமலே 1997இல் மறைந்தார். "தகுதி, தகுதி" என்று நாள்தோறும் பாராயணம் செய்வோரே! அந்த அம்மையாருக்கு எந்தத் தகுதியில் குறை கண்டீர்?

தோழர்களே! இந்தத் தராசு எதிரிக்கு மட்டுமன்று, நமக்குந்தான். சமத்துவம் பேசும் நம் கிளையில் பெண்கள் எத்தனை பேர் முன்வரிசையில் அமர்கிறார்கள்? இளைஞன் ஒருவன் எழுந்து ஐயம் கேட்டால், "நேற்று வந்தவன் நீ" என்று அமர்த்துகிறோமா, விடை சொல்கிறோமா? கேட்க அஞ்சும் இயக்கம், விரல் காட்டும் வித்தகருக்குத் தம்பியாகிவிடும்!

வூவின் தந்தை, ஷாங்காய் நகருக்கருகே லியூஹே என்னும் ஊரில் பெண்களுக்கென்று ஒரு பள்ளி திறந்தவர். பெண்ணுக்குப் படிப்பு இயற்கைக்கு மாறு என்று உலகின் பெரும்பகுதி நம்பிக்கிடந்த காலம் அது. அந்த வகுப்பில் எழுத்து கற்ற சிறுமிதான், முப்பதாண்டு கோலோச்சிய ஒரு விதியைச் சாய்த்தாள். அவருடைய சாம்பல் இன்று அந்தப் பள்ளி முற்றத்திலேதான் உறங்குகிறது.

நாளை மறுபடியும் ஒரு கை நீளும். ஐந்து விரல் விரியும். அஞ்ச வேண்டாம், ஆத்திரமும் வேண்டாம். அமைதியாக ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஐயா, இயற்கையைக் கேட்டீரா?"