மூளையைச் சீராக்க ஒரு பெண்ணின் நீண்ட உழைப்பு



அடுப்பில் கை சுட்டால் சில நாட்களில் புண் ஆறிப் புதுத்தோல் வந்துவிடும். மூளைக்கு அந்த வரம் இல்லை. அங்கே இறந்துபோன நரம்புக்கலங்களுக்குப் பதிலாகப் புதியவை பெரும்பாலும் உருவாவதில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப முடியுமா என்று தேடுவதையே தன் தொழிலாகக் கொண்ட ஒரு பெண்ணை இம்மாதம் அறிந்துகொள்வோம். அவர் சுவீடன் நாட்டின் லுண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மாலின் பார்மார்.

அவர் எடுத்துக்கொண்ட நோய் பார்கின்சன். இந்நோயில் கை நடுங்கும், உடல் இறுகும், நடை தளரும். மூளையில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் கலங்கள் அழிவதே காரணம். மாத்திரை அந்தக் குறையை ஈடுசெய்யும். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் பலன் சீராக இருக்காது.

1987 முதல் லுண்ட் வைத்தியர்கள், கலைக்கப்பட்ட கருக்களின் மூளைத் திசுவை நோயாளரின் மூளையில் வைத்துப் பார்த்தார்கள். சிலர் பல ஆண்டுகள் நன்மை பெற்றார்கள். சிலருக்குப் பலனில்லை. ஒரு நோயாளருக்கே பல கருக்கள் தேவைப்பட்டன. எல்லோருக்கும் கொடுக்கக்கூடிய வைத்தியமாக அது இருக்கவில்லை.

பார்மார் வேறு வழி தேடினார். உடலின் பலவகைக் கலங்களாகவும் மாறக்கூடிய ஆரம்பக் கலத்தை மூலக்கலம் என்பார்கள். அதை ஆய்வுகூடத்தில் வளர்த்து, உரிய நாளில் உரிய பொருளைக் கொடுத்து, டோபமின் கலமாகும் வழியில் திருப்ப அவரது குழு கற்றுக்கொண்டது. 2011இல் மனிதத் தோலின் கலத்தையே நேரடியாக நரம்புக்கலமாக மாற்றிக் காட்டினார்கள். 2014இல், மூலக்கலத்திலிருந்து வளர்த்த கலங்கள் எலியின் மூளையில் கருவின் கலங்களுக்கு நிகராக வேலை செய்வதை எடுத்துக்காட்டினார்கள். அதன் பின்னும் பாதுகாப்புச் சோதனைகள் தொடர்ந்தன. 2023 பெப்ரவரியில்தான் சுவீடனில் முதல் நோயாளருக்கு அக்கலங்கள் வைக்கப்பட்டன. அந்த முதற்கட்டப் பரீட்சை எட்டுப் பேருக்கு மட்டுமே.

ஏன் இத்தனை நிதானம்? கட்டுப்பாடின்றிப் பெருகும் கலம் கட்டியாகிவிடும். இஸ்ரேலியச் சிறுவன் ஒருவனுக்கு 2001 முதல் மொஸ்கோவில் கருவின் நரம்பு மூலக்கலங்களை ஏற்றினார்கள். 2005இல் அவனது மூளையிலும் முள்ளந்தண்டிலும் கட்டிகள் காணப்பட்டன. அவை ஏற்றிய கலங்களிலிருந்தே வளர்ந்தவை என்று 2009இல் வைத்தியர்கள் எழுதினார்கள்.

தலையில் காயப்பட்டவரையோ, பாரிசவாதத்தால் படுத்தவரையோ நம்மில் பலர் வீட்டில் வைத்துப் பராமரிக்கிறோம். “மூலக்கல ஊசி போட்டால் எழுந்து நடப்பார்” என்று விளம்பரம் செய்வோர் உலகின் பல இடங்களில் உண்டு. பார்மாரின் சிகிச்சை, ஒரு வகைக் கலம் அழியும் நோய்க்கானது. அதுவே இவ்வளவு காலம் எடுத்தது. தலைக்காயத்திலோ பலவகைக் கலங்களும் அவற்றின் இணைப்புகளும் சேர்ந்தே சிதைகின்றன.

ஆகவே இருக்கும் நகையை விற்குமுன், காணியை ஈடு வைக்குமுன், அரசாங்க வைத்தியசாலையின் நரம்பியல் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இயன்மருத்துவர் சொல்லித்தந்த பயிற்சியை இடையில் விட்டுவிடாதீர்கள். தப்பிப் பிழைத்த கலங்கள் தமக்குள் புதிய இணைப்புகளை ஏற்படுத்திக்கொள்ள அந்தப் பயிற்சி உதவுகிறது. அதற்குப் பணம் வேண்டியதில்லை, உங்கள் பொறுமை போதும்.