கணக்குத் தெரிந்தவன் தோற்கும் இடம்

"லாட்டரி வாங்குறவன் முட்டாள். ரேஸ் ஆடுறவன் மூளைக்காரன்."

கும்மிடிப்பூண்டி சிப்காட் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் இதைச் சொல்ல எப்படியும் ஒருவர் கிடைப்பார். சொல்பவர் குடிகாரராகவோ கடன்காரராகவோ இருக்க மாட்டார். பேப்பர் படிப்பவர், ஷிஃப்ட் முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகிறவர், பிள்ளையை இன்ஜினீயரிங் சேர்த்தவர். ஊரில் நாலு பேர் மதிக்கும் ஆள் சொல்வதால் அது எடுபடுகிறது. 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தபோது, "நல்லதுதான், அது வெறும் அதிர்ஷ்டம்" என்று தலையாட்டியவர்களும் இவர்களே. குதிரை மட்டும் அவர்கள் கணக்கில் வேறு ஜாதி. அது திறமையாம்.

நான் சொல்வது வேறு. ரேஸில் திறமையே கிடையாது என்று நான் வாதாடப் போவதில்லை. திறமை உண்டு. இருந்தும் தோற்போம். அதிலும் மோசம், திறமை இருக்கிறது என்ற எண்ணம்தான் தோற்றவனை மறுபடி மறுபடி இழுத்து வருகிறது. வள்ளுவரை இங்கே துணைக்கு அழைக்கப் போவதில்லை. சூதை ஒழுக்கத்தால் அடித்து அடித்து நமக்குக் கை வலிதான் மிச்சம். கூட்டல் கழித்தலால் அடித்துப் பார்க்கலாம்.

இருபது வருஷத்துக்கு முன்னால் நான் ஓர் உருக்காலையில் லேப் ஆளாக இருந்தேன். இண்டக்ஷன் ஃபர்னஸில் ஸ்கிராப் உருகி முடிந்ததும் நீளக் கரண்டியில் கொஞ்சம் மொண்டு வருவார்கள். அது ஆறியதும் தேய்த்து ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தால் கார்பன் இவ்வளவு, மாங்கனீஸ் இவ்வளவு என்று வரும். மாங்கனீஸ் குறைந்தால் சிலிக்கோ மாங்கனீஸ் இத்தனை கிலோ போடு என்று எழுதிக் கொடுப்பேன். போட்டதும் ஏறும். கணக்குப் போட்டால் இரும்பு கேட்கும். எங்கள் ஃபோர்மன் அண்ணன் அதையும் தாண்டியவர். உருகிய இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார். மீட்டர் பத்து இருபது டிகிரி முன்பின் காட்டினால் நாங்கள் மீட்டரைத்தான் சந்தேகப்படுவோம்.

அந்த அண்ணன்தான் ரேஸ் புத்தகத்தை எனக்குக் காட்டினார். ஒவ்வொரு குதிரைக்கும் நேராக அது கடைசியாக ஓடிய பந்தயங்கள், எந்த இடத்தில் வந்தது, சுமந்த எடை, தூரம், ஜாக்கி, டிரெய்னர். பொடி எழுத்து. அவர் பென்சிலால் ஓரத்தில் தன் கணக்கை எழுதியிருந்தார். ஹீட் நோட்டில் எழுதும் அதே கையெழுத்து. "பாரு தம்பி, இதுல எங்க இருக்கு அதிர்ஷ்டம்? எல்லாம் டேட்டா" என்றார். லேபில் வேலை செய்கிறவனுக்கு இதைவிட என்ன தூண்டில் வேண்டும்?

பொங்கல் போனஸ் கையில் இருந்த ஒரு தை மாச ஞாயிறு. கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் தாண்டி மூர் மார்க்கெட்டில் இறங்கி, பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து, இன்னொரு ரயிலில் கிண்டி ரேஸ் மைதானம். வழி முழுக்க அண்ணன் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. என் பாக்கெட்டில் ஆயிரம் ரூபாய். அன்றைக்கு ஏழு பந்தயம்.

முதல் பந்தயம் ஜெயித்தோம். நூறு ரூபாய் வின் கட்டினேன், நூற்று அறுபது வந்தது. அண்ணன் என் முதுகில் தட்டினார். எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. குதிரை ஜெயித்ததும் பக்கத்தில் நின்ற ஐம்பது பேரில் முப்பது பேர் குதித்தார்கள். அவர்கள் கையிலும் அதே புத்தகம். அதே பக்கம். அதே பென்சில்.

நிற்க வேண்டிய முதல் இடம் இதுதான். நாங்கள் பணம் கட்டிய டோட் என்பது பெட்டிக் கடை உண்டியல் மாதிரி. எல்லோர் பணமும் ஒரே குவியல். அதிலிருந்து பந்தயம் நடத்தும் கிளப்பின் பங்கும் அரசின் வரியும் முதலில் போகும். மிச்சத்தை ஜெயித்த குதிரைமேல் கட்டியவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். அதனால் நீங்கள் குதிரையோடு மோதவில்லை, பக்கத்தில் நிற்பவரோடு மோதுகிறீர்கள். நல்ல குதிரை எது என்று உங்களுக்குத் தெரிவது அவருக்கும் தெரிந்தால், அந்தத் தெரிந்த விஷயம் போர்டில் ஓடும் விலையில் ஏற்கெனவே கரைந்துவிட்டது. என் ஃபர்னஸில் மாங்கனீஸ் கணக்கு பத்து பேருக்குத் தெரிந்தாலும் இரும்பு அதே மாதிரிதான் ஏறும். டோட்டில் பத்து பேருக்குத் தெரிந்த கணக்குக்குப் பத்தில் ஒரு பங்கு கூலி.

இரண்டாவது, எடை. ஜாக்கி சேணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தராசில் ஏறி உட்கார்வதை அன்றுதான் பார்த்தேன். பள்ளிக்கூடப் பையன் உருவம், கிழவன் முகம். அவர் எடை போதாவிட்டால் சேணத்தோடு ஈயத் தகடு சேர்ப்பார்கள். ஏன்? பெரும்பாலான பந்தயங்கள் ஹேண்டிகேப். நன்றாக ஓடும் குதிரைக்கு 60 கிலோ, சுமாராக ஓடுவதற்கு 50 கிலோ என்று ஓர் அதிகாரி உட்கார்ந்து எடை பிரிக்கிறார். அவர் வேலை கச்சிதமாக முடிந்தால் எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும். அதாவது புத்தகத்தில் நாம் ராத்திரி கண்விழித்துப் படித்த வித்தியாசத்தை அழிப்பதற்கென்றே ஒருவர் சம்பளம் வாங்குகிறார். இதைக் கேட்டபோது அண்ணன் சிரித்தார். "அந்த எடையையும் சேர்த்துத்தான் தம்பி நான் கணக்கு போடுறேன்." அந்த எடையைப் போட்டவரும் உங்கள் கணக்கைச் சேர்த்துத்தான் போட்டார், அண்ணா.

இனி பெரிய அஸ்திரத்துக்கு வருவோம். "சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு." உண்மை. 1974-ல் கருணாநிதி ஆட்சி குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1986-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் போட்டது. டாக்டர் கே.ஆர். லட்சுமணன் தொடுத்த வழக்கில் 1996 ஜனவரி 12-ம் தேதி வந்த தீர்ப்பு, குதிரைப் பந்தயத்தில் திறமையே மேலோங்கி நிற்கிறது, ஆகவே அது சூதாட்டம் ஆகாது என்றது. 1986 சட்டம் செல்லாது என்றும் சொன்னது. குதிரையின் தகுதி, ஜாக்கியின் திறன், எடை, தூரம் எல்லாம் பணம் கட்டுகிறவர் எடைபோட்டுப் பார்க்கக்கூடிய விவரங்கள் என்பது அதன் வாதம்.

சரி. ஆனால் நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி, இதைச் சூது என்று சட்டம் தடுக்கலாமா என்பது. கும்மிடிப்பூண்டி ஃபோர்மன் லாபத்தோடு வீடு திரும்புவாரா என்று நீதிபதிகளிடம் யாரும் கேட்கவில்லை. இதய அறுவை சிகிச்சையும் திறமைதான். அதற்காக நான் கத்தியை எடுக்கலாமா? "இது திறமை ஆட்டம்" என்ற சட்டச் சொல்லை, "எனக்குத் திறமை இருக்கிறது" என்று டீக்கடையில் மொழிபெயர்த்துக்கொண்டோம். அந்த மொழிபெயர்ப்பு பிறகு எங்கெல்லாம் போனது என்று பாருங்கள். ரம்மி ஆப், கிரிக்கெட் டீம் கட்டும் ஆப் எல்லாம் கோர்ட்டில் பிடித்துத் தொங்கியது இந்தக் குதிரை வாலைத்தான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையப் பணவிளையாட்டுகளைத் தடுத்தபோது, திறமையோ அதிர்ஷ்டமோ இரண்டும் கலந்ததோ, எதுவானாலும் தடை என்று எழுத வேண்டியதாயிற்று. அந்தச் சொல் அதுவரை பட்ட பாடு அப்படி.

வரிக் கணக்கைச் சொல்லாமல் போனால் நான் லேப் ஆள் இல்லை. 2023 அக்டோபர் முதல் பந்தயத்தில் கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40. நூறு ரூபாய் டிக்கெட்டுக்குக் கையிலிருந்து நூற்று நாற்பது போகிறது என்று வையுங்கள். அந்த நூறில் கிளப் பத்து ரூபாய் மட்டும் எடுத்துக்கொள்கிறது என்று பேச்சுக்கு வைப்போம். மைதானத்தில் கூடிய எல்லோரும் சேர்ந்து 140 போட்டு 90 திரும்ப எடுக்கிறார்கள். ரூபாய்க்கு 64 பைசா. கூட்டத்தின் சராசரி ஆள் ஆயிரம் ரூபாயை ஏழு பந்தயத்திலும் சுழற்றி விட்டால் கடைசியில் கையில் நிற்பது 45 ரூபாய். நஷ்டமில்லாமல் வீடு திரும்பவே, பக்கத்தில் அதே புத்தகத்தோடு நிற்பவரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கெட்டிக்காரராக இருக்க வேண்டும். ஒருநாள் அல்ல, வருஷம் முழுக்க.

இதற்கு மேல் வருமான வரி ஒரு குசும்பு வைத்திருக்கிறது. பந்தயத்தில் வென்ற பணத்துக்கு 30 சதவீத வரி. போன வாரம் தோற்றதை இந்த வாரம் வென்றதில் கழிக்க முடியாது. ஆனால் பந்தயக் குதிரையை வைத்திருப்பவர் அதன் பராமரிப்புச் செலவைக் கழித்துக்கொள்ளலாம், நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளுக்கும் கொண்டுபோகலாம். "ரேஸில் ஜெயித்தவர் இல்லையா? எம்.ஏ.எம். ராமசாமியைப் பாருங்கள்" என்பவர்களுக்கு இதுதான் பதில். அவர் பெயர் பெற்றது குதிரைகளின் சொந்தக்காரராக. நாம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள். அந்தப் பக்கம் இருந்த மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 160 ஏக்கர் நிலம் 1945 முதல் 99 ஆண்டுக் குத்தகையில், ஆண்டுக்கு 614 ரூபாய்ச் சொச்ச வாடகைக்குக் கிடைத்தது. வாடகை பாக்கி 730 கோடி என்று சொல்லி 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்தது, வழக்கு கோர்ட்டுக்குப் போனது. நிலம் யாருக்கு என்பதில் எனக்கு இங்கே வேலையில்லை. வேலிக்கு எந்தப் பக்கம் நிற்பது லாபம் என்பதற்கு மட்டும் சொல்கிறேன்.

ஜெயித்தவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஹாங்காங்கில் பில் பென்டர் என்ற அமெரிக்கர் கம்ப்யூட்டரில் மாடல் கட்டிப் பெரும்பணம் சம்பாதித்தார். ஆள் பலம், முதலீடு, வருஷக் கணக்கில் சேர்த்த தகவல், ஆரம்பத்தில் தோற்றுப் பொறுத்த காலம் எல்லாம் சேர்ந்த வேலை அது. ரோலிங் மில் நடத்துவது மாதிரி ஒரு தொழில். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் பென்சிலால் செய்யும் காரியம் அல்ல. அவர் ஜெயித்த பணம் வேறு எங்கிருந்தும் வரவில்லை, பென்சில்காரர்கள் போட்ட பணம்தான்.

நாலாவது பந்தயத்தில் எங்கள் குதிரை ஒரு கழுத்து இடைவெளியில் இரண்டாவது வந்தது. "கணக்கு சரி தம்பி. ஜாக்கி லேட்டா விட்டான்." ஐந்தாவதில் தரை ஈரம். ஆறாவதில் வெளிக் கதவிலிருந்து புறப்பட்டதால் சுற்று அதிகம். ஏழாவதில் எடையைக் குறைத்து மதித்துவிட்டாராம். நான்கு தோல்வி, நான்கு காரணம், நான்கும் நம்பும்படியானவை. லாட்டரி விழாதவன் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவான், தன்மேல் குறை சொல்ல அவனிடம் ஒன்றுமில்லை. ரேஸ்காரன் குறையைத் தன் கணக்கில் தேடுகிறான். கணக்கைத் திருத்தலாம் அல்லவா? அதனால் அடுத்த ஞாயிறும் வருகிறான். ராத்திரி லோக்கலில் என்னிடம் மிச்சம் நூற்றுப் பத்து ரூபாய். அண்ணனிடம் எவ்வளவு போனது என்று கேட்கவில்லை. அத்திப்பட்டு தாண்டும்போது வேர்க்கடலை மடித்த காகிதத்தைப் பிரித்து, அடுத்த வாரத்துக்கு எழுத ஆரம்பித்திருந்தார்.

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். எட்டு வாரம் பணம் கட்டாமல், அண்ணன் சொன்ன குதிரைகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதினேன். வாரம் ஏழு பந்தயம், ஒவ்வொன்றுக்கும் நூறு ரூபாய் கட்டியதாகப் பாவனை. மறுநாள் பேப்பரில் வந்த டிவிடெண்டைப் பார்த்துத் திரும்பி வரும் தொகையைப் பக்கத்தில் எழுதினேன். 56 பந்தயத்தில் அண்ணன் 18 ஜெயித்திருந்தார். கட்டியது 5,600. வந்திருக்கக்கூடியது 4,310. இரும்பு நிறத்தில் சூடு சொல்லும் கண்ணுக்கு இதுகூடவா புரியாது என்று நினைத்து, ஒருநாள் நைட் ஷிஃப்டில் நோட்டை அவர் கையில் கொடுத்தேன்.

ஃபர்னஸ் வெளிச்சத்தில் பிடித்துக் கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் பார்த்தார். கழித்தல் போட்டிருந்த இடத்தில் விரல் நிற்கவில்லை. பதினெட்டில் நின்றது.

"மூணுக்கு ஒண்ணு அடிச்சிருக்கோம் தம்பி! இத ஏன்டா இவ்ளோ நாளா காட்டல? ஞாயித்துக்கிழம வரைக்கும் நோட்டு எங்கிட்ட இருக்கட்டும்."