தண்ணி அலையடிக்குது, உங்க மாடல் அலையடிக்குதா?

மழை பெய்யும்போது சரிவான சிமெண்ட் ரோட்டுல தண்ணி எப்படி இறங்குதுன்னு ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. ஒரே சீரா வழியாது. வரி வரியா சின்ன அலைகள் ஒன்றன் பின் ஒன்றா உருண்டு வரும். காத்தே இல்லாதப்பவும் வரும். அப்போ அந்த அலையைக் கிளப்பி விட்டது எது?

இதையே ஃபைனல் இயர் ப்ராஜெக்டா எடுத்தா, நம்மள்ல பல பேர் முதல்ல செய்யறது சிமுலேஷன் சாஃப்ட்வேரைத் திறக்கறதுதான். மெஷ் போடு, ரன் பண்ணு, கலர் கலரா படம் எடு, ரிப்போர்ட்ல ஒட்டு. இந்த வரிசை தப்புங்கறது என் கருத்து. முதல்ல பேப்பர்ல ஒரு சின்ன மாடல், அப்புறம்தான் மெஷ். ஏன்னு இந்த மெல்லிய படலத்தை வச்சே சொல்றேன்.

பைப்ல ரெனால்ட்ஸ் எண் 2000 வரைக்கும் லாமினார்னு எல்லாரும் மனப்பாடம் பண்ணியிருக்கோம். சரிவுல வழியற படலத்துக்குக் கதையே வேற. 1957-ல் புரூக் பெஞ்சமினும் 1963-ல் சியா-ஷுன் யீயும் பேனாவால போட்ட கணக்குப்படி, தட்டையான சரிவுல அலை தொடங்கற எல்லை: ரெனால்ட்ஸ் எண் = 5/6 × காட் தீட்டா. தீட்டாங்கறது சரிவுக் கோணம். படலத்தின் தடிமனை சராசரி வேகத்தால பெருக்கி, கைனமேட்டிக் விஸ்காசிட்டியால வகுத்தா வர்றதுதான் இங்க ரெனால்ட்ஸ் எண்.

10 டிகிரி சரிவுக்குப் போட்டுப் பாருங்க. 4.7 வரும். ஆமா, 5-க்கும் கீழ! ஒரு மீட்டர் அகலக் கண்ணாடியில நொடிக்கு ஒரு டீஸ்பூன் தண்ணி விட்டாலே எல்லை வந்துடும். அப்போ படலத்தோட தடிமன் சுமார் 0.2 மில்லிமீட்டர். ஓட்டம் இன்னும் லாமினார்தான், ஆனா மேற்பரப்பு அமைதியா இருக்காது. சரிவு 90 டிகிரின்னா எல்லை பூஜ்யம், அதாவது செங்குத்துச் சுவர்ல எவ்வளவு மெதுவா விட்டாலும் நீளமான அலைகள் வளரும்.

காரணம் ஒரு இழுபறி. சரிவுக்குச் செங்குத்தா இருக்கற ஈர்ப்புவிசையின் கூறு படலத்தைச் சமமாக்கப் பார்க்குது. திரவத்தோட நிலைமம் மேட்டை இன்னும் மேடாக்குது. பரப்பு இழுவிசை குட்டை அலைகளை மட்டும் அடக்குது. இந்த மூணையும் கையால எழுதிப் பார்த்தவருக்கு, சாஃப்ட்வேர் காட்டற படத்துல எதைத் தேடணும்னு தெரியும்.

இப்போ தரையை மேடுபள்ளமாக்குங்க. அலை இன்னும் சீக்கிரம் வரும்னுதானே தோணுது? ஜெர்மனியின் பைராய்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வீர்ஷெமும் அக்செலும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு வேற சொல்லுது. படலத்தை விட ரொம்ப நீளமான, மெல்லிய ஏற்ற இறக்கம் இருந்தா, அதே சராசரிச் சரிவுள்ள தட்டைத் தரையை விட எல்லை மேல போகுது. ஒரு துப்பு வேணுமா? 5 டிகிரிக்கும் 15 டிகிரிக்கும் காட் மதிப்பு எடுத்துச் சராசரி பாருங்க: 7.6. 10 டிகிரிக்கு வெறும் 5.7. இது நிரூபணம் கிடையாது, ஆனா எந்தப் பக்கம் சாயுதுன்னு காட்டுது. ஆனா, பரப்பு இழுவிசை வலுவா இருந்தா அதே மேடுபள்ளம் படலத்தைக் குலைக்கவும் செய்யலாம்னு பின்னால வந்த மாடல்கள் காட்டின. உள்ளுணர்வை மட்டும் நம்பினா ரெண்டு பக்கமும் அடி வாங்குவோம்.

சரி, பேப்பர் மாடல் பொய் சொல்லாதா? சொல்லும். 1966-ல் பென்னி கொடுத்த சமன்பாடு எல்லைக்குப் பக்கத்துல அருமையா வேலை செய்யும். ரெனால்ட்ஸ் எண்ணை ஏத்திக்கிட்டே போனா, ஒரு கட்டத்துல அலையோட உயரம் முடிவிலிக்கு ஓடிடும். ஷ்காடோவின் 1967 மாடல் அப்படி வெடிக்காது, ஆனா எல்லையை 5/6 காட் தீட்டாவுக்குப் பதிலா காட் தீட்டான்னு சொல்லும். 20 சதவீதம் பிசகு. 2000 வாக்குல ருயே-கீலும் மானவிலும் திசைவேக வடிவத்தையும், சமன்பாட்டைச் சராசரி எடுக்கற எடையையும் மாத்தி அந்தப் பிசகைச் சரி செஞ்சாங்க. சரியான விடை முன்னாடியே தெரிஞ்சதாலதான் பிசகு கண்ணுல பட்டுச்சு.

சிமுலேஷனும் பொய் சொல்லும், அதுவும் ரொம்ப அழகா. 0.2 மில்லிமீட்டர் படலத்துக்குள்ள ரெண்டு செல் மட்டும் வச்சா, எண்முறையால வர்ற போலி விஸ்காசிட்டி அலையை முழுங்கிடும். படம் அமைதியா இருக்கும். அந்த அமைதி தண்ணியோடதா, மெஷ்ஷோடதா? 4.7-ங்கற எண் கையில இல்லன்னா கண்டுபிடிக்கவே முடியாது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்ல. பாலைச் சுண்ட வைக்கற ஃபாலிங் ஃபிலிம் எவாப்பரேட்டர், டிஸ்டிலேஷன் காலம்ல அடுக்கற நெளி தகடு, ரெண்டுலயும் வழியறது இந்தப் படலம்தான். அலை வந்தா வெப்பமும் பொருளும் வேகமா கடக்கும், பல நேரம் அது நல்லது. அதே அலை கோட்டிங்ல வந்தா சரக்கு குப்பைக்கு.

வசதி இல்லன்னு சொல்லாதீங்க. 1946-ல் பதவி பறிபோன பியோத்தர் கபிட்சா, மாஸ்கோவுக்கு வெளியே தன் வீட்டுலயே ஆய்வுக்கூடம் அமைச்சு, மகன் செர்கெயோட சேர்ந்து இந்த அலைகளை அளந்தார். நமக்கு ஒரு கண்ணாடி, ஒரு நெளி தகடு, கிளிசரின், அளவுக் குவளை, மொபைல் கேமரா போதும்.

அடுத்த ரிவ்யூவுக்குப் போறதுக்கு முன்னாடி உங்க டீம்ல ஒருத்தர் இன்னொருத்தரைக் கேளுங்க: "நம்ம மாடல் எங்க பொய் சொல்லும்?" பதில் வரலன்னா லேப்டாப்பை மூடிட்டு பேப்பரை எடுங்க.