கருவி விளக்கத்தில் ஐயம் கூடாது

கோலார் தங்க வயலில் 1880-இல் காலூன்றிய நவீனச் சுரங்கத் தொழில் 2001 பிப்ரவரி 28-ஆம் நாளுடன் நின்றுபோயிற்று. அங்குள்ள சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. ஷாப்ட் எனப்படும் செங்குத்துக் குழிகளில் ஆட்களையும் தாதுவையும் ஏற்றி இறக்கியவை கம்பி வடத்தில் தொங்கிய கூண்டுகள். அவற்றை இயக்கிய டிரைவர் யந்திர அறையில் அமர்ந்திருந்தார். ஆழத்தில் உள்ள கூண்டையோ அதில் ஏறுவோரையோ அவர் காண இயலாது. ஆழங்காட்டியும், கீழிருந்து வந்த மணி ஓசையுமே அவருக்கு வழிகாட்டிகள்.

ஆகையால் நிறுத்துதல், ஏற்றுதல், இறக்குதல், ஆட்கள் ஏறுதல் ஆகியவற்றிற்குத் தனித்தனி மணிக் குறிகள் வகுக்கப்பட்டிருந்தன. அக்குறிகளின் அட்டவணை மணி அடிப்பவரின் கண்ணெதிரிலும் டிரைவரின் கண்ணெதிரிலும் வைக்கப்பட்டது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் வழங்கிய அவ்வூரில், இருவரும் ஒரே பொருளைக் கொள்ள இம்முறை உதவிற்று. எவ்வளவு தேர்ந்த டிரைவராயினும், ஐயத்திற்குரிய குறியை ஊகத்தால் நிரப்பிக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை.

இன்று இணையதளங்களைப் பராமரிக்க அமர்த்தப்படும் செயற்கை நுண்ணறிவு முகவர், பெரிதும் அந்த டிரைவரின் நிலையிலேயே உள்ளது. தளத்திற்குப் படிவம், நாட்காட்டி, படத்தொகுப்பு முதலிய கூடுதல் வசதிகளை அளிக்கும் நிரல்களுக்குச் செருகுநிரல்கள் என்று பெயர். அவற்றை நிறுவவும் நிறுத்தவும் புதுப்பிக்கவும் முகவருக்குச் சில கருவிகள் கொடுக்கப்படுகின்றன. 2024 நவம்பரில் வெளியான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் பொது நெறிமுறையின்படி, ஒவ்வொரு கருவியும் தன் பெயர், விளக்கம், தான் ஏற்கும் உள்ளீடுகள் ஆகியவற்றை அறிவிக்கிறது. கருவியின் உள்ளே எழுதப்பட்டுள்ள நிரல் பொதுவாக முகவரின் பார்வைக்கு வருவதில்லை. எந்தக் கருவியை எப்பொழுது கையாள்வது என்பதை அது அவ்விளக்கத்தைக் கொண்டே முடிவு செய்கிறது.

ஒரு கருவியின் விளக்கம் "செருகுநிரலை நீக்கும்" என்று மட்டும் இருப்பதாகக் கொள்வோம். வேர்ட்பிரஸ் தளத்தில் செருகுநிரலை முடக்குவது வேறு, அழிப்பது வேறு. முடக்கினால் அதன் இயக்கம் நிற்கும்; கோப்புகளும் சேமித்த தகவல்களும் இருக்கும். அழித்தால் கோப்புகள் போய்விடும். அச்செருகுநிரல் எழுதப்பட்ட விதத்தைப் பொறுத்து, அது சேமித்த தகவல்களும் உடன் போகலாம். பள்ளி ஒன்றின் தளத்தில் மாணவர் சேர்க்கை முடிந்ததும், "அந்தப் படிவத்தை எடுத்துவிடு" என்று அலுவலர் பணிக்கிறார். தமிழில் அச்சொல் மறைப்பதையும் குறிக்கும், அழிப்பதையும் குறிக்கும். சொல்லும் தெளிவில்லை, கருவி விளக்கமும் தெளிவில்லை என்றால், நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் அழிந்துபோக ஒரு தவறான ஊகம் போதும்.

அதே கருவியை இவ்வாறு விளக்கலாம்: "செருகுநிரலின் கோப்புகளை நிலையாக அழிக்கும். அது சேமித்த தகவல்களும் அழியக்கூடும். மீட்க இயலாது. தற்காலிகமாக நிறுத்த வேண்டுமாயின் இதனை உபயோகிக்கலாகாது. முடக்கும் கருவியை உபயோகிக்க வேண்டும். காப்பு நகல் எடுத்து, பயனர் ஒப்புதல் பெற்ற பின்னரே செயற்படுத்த வேண்டும்." ஆறு சிறு வாக்கியங்களில் செயல், விளைவு, மீட்சி, மாற்று வழி, முன்நிபந்தனை ஆகிய யாவும் அடங்கிவிட்டன. உள்ளீடாகச் செருகுநிரலின் காட்சிப் பெயரைத் தருவதா, கோப்புப் பெயரைத் தருவதா என்பதையும், செயல் தவறினால் என்ன விடை வரும் என்பதையும் உடன் குறித்தல் நலம்.

அறிவுள்ள யந்திரத்திற்கு இவ்வளவு விளக்கம் எதற்கு என்று சிலர் வினவலாம். அறிவு வேறு, செய்தி வேறு. கூறப்படாத செய்தியை எத்துணை அறிவும் ஊகிக்கத்தான் முடியும். ஆயினும் விளக்கம் நீண்டுகொண்டே போவதும் குணமன்று. கருவிகள் பலவாக இருக்கையில், ஒன்றோடொன்று மயங்கும் நீண்ட விளக்கங்கள் தேர்வைக் கடினமாக்கும். அருகருகே உள்ள இரு கருவிகளின் வேறுபாட்டைக் கூறும் வாக்கியமே மிகுந்த பயன் தருவது.

விளக்கம் மட்டும் காவலாகிவிடாது என்பதையும் மறத்தலாகாது. மணிக் குறி எவ்வளவு தெளிவாயினும், எல்லைக்கு மேல் ஏறும் கூண்டைத் தானே நிறுத்தும் அமைப்பும் சுரங்கத்திற்கு வேண்டியிருந்தது. அதுபோலவே, அழிக்கும் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் பூட்டு நிரலிலேயே இருத்தல் வேண்டும்.

கள ஊழியர்களும் ஆசிரியர்களும் இதனை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். எழுதிய விளக்கத்தை, அக்கருவியை அறியாத ஒருவரிடம் கொடுத்து, "இதனை எப்பொழுது உபயோகிக்கமாட்டீர்கள்?" என்று கேட்க வேண்டும். அவர் தயங்கும் இடமே திருத்தப்பட வேண்டிய இடம். வகுப்பில் மாணவர் இருவரைக் கொண்டு இதனைப் பயிற்சியாகவும் நடத்தலாம். பிறர் தவறாகக் கொள்ள இடமின்றி எழுதும் பழக்கம், யந்திரங்களுக்கு மட்டுமன்றி, அலுவலகச் சுற்றறிக்கைக்கும் ஆய்வுக்கூடக் குறிப்பிற்கும் பயன்படும்.