புது ஆள் வரட்டும் தம்பி

ஐந்து வருடம் குடியிருந்த சென்னை வீட்டைக் காலி செய்த அன்று ஹவுஸ் ஓனர் சொன்னார்: "அட்வான்ஸ்தானே, எங்க போயிடப் போகுது? புது ஆள் வரட்டும் தம்பி, வாங்கித் தர்றேன்." நான் தலையாட்டினேன். அவர் வீட்டம்மா காபி கொடுத்தார். குடித்துவிட்டு, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, லோடு ஆட்டோவில் ஏறிவிட்டேன். பணம் வர ஏழு மாதம் ஆயிற்று. அதுவும் முழுசாக வரவில்லை. பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகை போயிருந்தது.

அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மழை நாளில் மோட்டார் ரிப்பேரானால் நனைந்துகொண்டே வந்து நிற்பவர். என் கோபம் அந்த வாக்கியத்தின் மேல். "புது ஆள் வரட்டும்" என்றால் என்ன அர்த்தம்? என் பணம் அவரிடம் இல்லை என்று அர்த்தம். நான் கொடுத்ததை எனக்கு முன்னால் இருந்தவருக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு வர வேண்டியதை எனக்குப் பின்னால் வருபவர் கொடுக்க வேண்டும். இதையே ஒரு சீட்டு கம்பெனி செய்தால் நாம் போலீசுக்குப் போவோம். வீட்டுக்காரர் செய்தால் காபி குடிக்கிறோம்.

கணக்கைப் பார்ப்போம். வாடகை 12,000. அட்வான்ஸ் பத்து மாதம், 1,20,000. அதை வருடத்துக்கு ஆறு சதவீதத்துக்குப் போட்டு வைத்திருந்தால்கூட, தனிவட்டியில் ஐந்து வருடத்துக்கு 36,000 ரூபாய். அதாவது வாடகை போக இன்னொரு மூன்று மாத வாடகையை நான் சத்தமில்லாமல் கொடுத்திருக்கிறேன். அதற்கு ரசீது கிடையாது, நன்றியும் கிடையாது.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று காலி செய்த பிறகுதான் தேடிப் படித்தேன். புத்தி எப்போதும் அப்படித்தானே வருகிறது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றது. ஊரில் யாரும் அதை மதித்ததாகத் தெரியவில்லை. அதற்குப் பதிலாக 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலேயே ஒரு ஓட்டை: 'வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய'. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவன் எந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்துப் போட மாட்டான்? பத்து மாதம் கேட்டால் 'ஒப்புக்கொண்டு' பத்து மாதம் கொடுக்கிறோம். இது ஒப்புதல் என்றால் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதும் ஒப்புதல்தான்.

ஆனால் அடுத்த வரி நம் பக்கம் இருக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். ஒரு மாதம். புது ஆள் என்கிற சொல்லே அங்கே இல்லை. பெயின்டிங் கதையும் அப்படித்தான். யார் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று சட்டத்தின் பின்னிணைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு மாதிரி சில்லறை ரிப்பேர்கள் குடியிருப்பவர் தலையில். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் உரிமையாளர் தலையில். ஐந்து வருடம் மனிதர்கள் வாழ்ந்தால் சுவர் மங்கத்தான் செய்யும். அந்தத் தேய்மானத்துக்கும் சேர்த்துத்தானே மாதாமாதம் வாடகை?

ஓனர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. நான்கு மாத பாக்கி வைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போனவர்கள் உண்டு. கோர்ட்டுக்குப் போனாலும் காலி செய்யாமல் வருடக்கணக்கில் இழுத்தடித்தவர்கள் உண்டு. வாடகை மட்டுமே வருமானமாக இருக்கிற வயதானவர்கள் உண்டு. எல்லாம் சரி. ஆனால் அவர்களைக் காப்பாற்றுவதும் காகிதம்தான். எழுத்தில் ஒப்பந்தம் போட்டு ரென்ட் அத்தாரிட்டியிடம் பதிவு செய்யச் சொல்கிறது சட்டம். அதைச் செய்யாமல், பதிவுத் துறைக்குப் போவதைத் தவிர்க்கப் பதினொரு மாத ஒப்பந்தம் என்கிற பழைய வழக்கத்தையே பிடித்துக்கொண்டு, வாடகை வருமானம் வெளியே தெரியக் கூடாது என்று ஒளித்துவிட்டு, பாதுகாப்புக்குப் பத்து மாதப் பணத்தை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்வது என்ன நியாயம்?

நாமும் யோக்கியர்கள் இல்லை. கடைசி மூன்று மாதம் வாடகை கொடுக்காமல் "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க சார்" என்று போனை அணைத்துவிடுகிறோம். எழுதிக் கேட்கும் தைரியம் இல்லாதவர்கள் கண்டுபிடித்த தற்காப்பு அது. சட்டம் பேசினால் உறவு கெட்டுவிடும் என்று பயப்படுகிறோம். ஐந்து வருடம் "நம்ம வீடு மாதிரி நினைச்சுக்கோங்க" என்றவர், ஆணி அடித்த ஓட்டைகளை எண்ணும்போதுதான் அது யார் வீடு என்று நமக்குப் புரிகிறது.

வீடு கட்டுவதைப் பற்றி பாலு மகேந்திரா 'வீடு' எடுத்தார். வாடகை வீடு தேடுவதைப் பற்றிச் செழியன் 'டு லெட்' எடுத்தார். காலி செய்வதைப் பற்றி யாராவது எடுப்பதற்குள் சில காரியங்களைச் செய்து வைப்போம். ஒப்பந்தத்தில் எத்தனை நாள் நோட்டீஸ் என்று இருக்கிறதோ அதை எண்ணி, காலி செய்யும் தேதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுங்கள். மாடிப்படியில் பார்த்துச் சொன்னது நோட்டீஸ் ஆகாது. அட்வான்ஸ் தொகை எவ்வளவு, எந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். வீடு காலியான பிறகு ஓனரோடு சேர்ந்து அறை அறையாகப் பார்த்துப் படம் எடுங்கள். இ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது. "பில் வரட்டும்" என்று அதற்கும் ஒரு காத்திருப்பு தொடங்கிவிடும். அன்றைய மீட்டர் ரீடிங்கைக் குறித்து, அதுவரைக்குமான தொகையை அங்கேயே தீர்த்துவிடுங்கள். சாவியைக் கொடுக்கும்போது, இன்ன தேதியில் சாவி பெற்றேன், இவ்வளவு தொகை தர வேண்டியிருக்கிறது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். காபி அப்புறம்.

இதெல்லாம் நான் செய்யாதவை. அடுத்த வீட்டுக்குப் பேசப் போனபோது, ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். "என்ன தம்பி, பால் காய்ச்சறதுக்கு முன்னாடியே போறதப் பத்திப் பேசுறீங்க?" என்றார் அந்த ஓனர். முகம் வாடிவிட்டது. அந்த வீடு எனக்குக் கிடைக்கவில்லை. அதற்கடுத்த வீட்டிலும் அதே வரியைக் கேட்டேன். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒப்பந்தத்தை இரண்டு தடவை படித்தார். "ஒரு மாசம்னா ஒரு மாசம்தான். ஆனா நீங்களும் கடைசி மாச வாடகையைக் கழிச்சுக்கச் சொல்லக் கூடாது. அதையும் எழுதுங்க" என்றார்.

எழுதினேன். இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறேன்.