முன்னாலா, பின்னாலா?

ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குகிறவர்களுக்கு ‘பேக்ஃபயர்’ சங்கடமான சொல். அரசியல்வாதியின் திட்டம் அவருக்கே வினையாக முடிந்தாலும் இதே சொல்தான். தெருவில் போகும் கார் ‘டமார்’ என்று வெடித்தாலும் இதுதான். முதலாவதற்குத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. இரண்டாவதற்கு ஒருமுறை ‘பின்வெடிப்பு’ என்று எழுதிவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டேன். அது பாதித் தவறு என்பதை எம்.ஏ. தமிழ் எனக்குச் சொல்லித் தரவில்லை. பெங்களூர் சிவாஜிநகரில் ஒரு மெக்கானிக் சொல்லித் தந்தார்.

சென்னை நண்பர் ஒருவர் தன் தந்தை ஓட்டிய பிரீமியர் பத்மினியைப் பெங்களூருக்கு ஓட்டிவந்திருந்தார். கிருஷ்ணகிரி தாண்டி மேடேறிய பிறகு தொடங்கியது தொல்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், பின்னால் பட்டாசு. இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். வால்வு போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை காரின் விலையைவிட அதிகம். மனம் வெறுத்துப்போய், உடைக்கவே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார். அதற்கும் சிவாஜிநகர்தான். சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ, பெங்களூருக்கு இது அப்படி. ரசல் மார்க்கெட்டின் இறைச்சி வாடையையும் பூ வாசனையையும் தாண்டினால், கதவு வேறு கண்ணாடி வேறாகக் கார்கள் கிடக்கும் சந்துகள்.

கடைக்காரர் விலை பேசுமுன் பக்கத்திலிருந்த மெக்கானிக் பாய் எழுந்து வந்தார். “சத்தம் முன்னாடியா, பின்னாடியா சார்? மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா?” உருது கலந்த தமிழில் அவர் கேட்ட இந்த இரண்டு கேள்விகளை முந்தைய ஒர்க்‌ஷாப்பில் யாரும் கேட்கவில்லை.

முன்னால், அதாவது கார்புரேட்டர் வழியாக வெடித்தால் அதுதான் அசல் பேக்ஃபயர். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை மெதுவாக எரியும். மறுபடி இன்லெட் வால்வு திறக்கும்போதும் தீ அணையாமல் இருந்தால் அது வந்த வழியே திரும்பும். ஜெட்டில் தூசி, மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு, அடைத்த பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் இதற்குக் காரணமாகலாம். பிளக் ஒயர்களை மாற்றிப் போட்டாலும் இதே கதி. பத்மினிக்கும் அம்பாசடருக்கும் 1-3-4-2 என்ற வரிசையில் பொறி விழ வேண்டும். இரண்டு ஒயர் இடம் மாறினால், வால்வு திறந்திருக்கும் நேரத்தில் பொறி விழும். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்கிறார்களே, அப்போது இப்படி வெடித்தால் முகத்தில் தீ. பாய்க்கு ஒரு புருவம் சரியாக முளைக்காததன் காரணமும் அதுதானாம்.

பின்னால் சைலன்சரில் வெடிப்பதைப் பொறியாளர்கள் ‘ஆஃப்டர்ஃபயர்’ என்று தனியாகச் சொல்கிறார்கள். என் ‘பின்வெடிப்பு’ இதற்குத்தான் பொருந்தும். எரியாத பெட்ரோல் சூடான குழாய்க்குள் போய், அங்கே காற்றைச் சந்தித்து வெடிப்பது. டைமிங் பின்தங்கியிருந்தாலும், பிளக் சரியாகப் பொறி விடாவிட்டாலும், எக்ஸாஸ்ட் வால்வு ஒழுகினாலும் நடக்கும். ஒர்க்‌ஷாப் சொன்னது பொய்யல்ல. கடைசியாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிட்டார்கள், அவ்வளவே.

பாய் பிளக்குகளைக் கழற்றினார். பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. நான்குமே கரி பூசியிருந்தன: பெட்ரோல் அதிகம். “மெட்ராஸ்லதானே ட்யூனிங் பண்ணீங்க?” என்றார். எனக்குப் பொறி தட்டியது. சென்னை கடல்மட்டத்தில் இருக்கிறது. பெங்களூர் 900 மீட்டருக்கு மேல். இங்கே காற்று ஏறத்தாழ பத்து சதவீதம் அடர்த்தி குறைவு. கார்புரேட்டருக்கு ஊர் மாறியது தெரியாது. பழைய அளவிலேயே பெட்ரோலை விடுகிறது.

ஆனால் அது மட்டுமே வெடிக்காது. இன்ஜின் ஆறியதும் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஈரச் சாக்கைச் சுருட்டிச் சைலன்சர் வாயை ஒரு கணம் அடைத்தார். மேனிஃபோல்டும் குழாயும் சேரும் இடத்தில் ‘புஸ், புஸ்’ என்று சத்தம். கேஸ்கெட் ஓட்டை. காலை எடுக்கும்போது சரியாக எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போக, இந்த ஓட்டை வழியே காற்று உள்ளே இழுக்கப்பட, வெடி. வால்வுக்கு ஒன்றுமில்லை.

2000-க்குப் பிறகு ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பரவலாகி, ஊரின் உயரத்தை சென்சாரே கணக்கிட்டுக்கொள்கிறது. ஆனால் எரியாத பெட்ரோல் இப்போது கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். ‘செக் இன்ஜின்’ விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் வண்டியை ஓரங்கட்டுங்கள். அந்தப் பாகம் பத்மினி கேஸ்கெட் விலைக்குக் கிடைக்காது. காசு கொடுத்து இந்த வெடிச்சத்தத்தை வரவழைத்துக்கொள்ளும் இளைஞர்களைப் பார்த்து பாய் தலையில் அடித்துக்கொள்கிறார்.

பழைய காரிலிருந்து கழற்றிய கேஸ்கெட் வேண்டாம், புதியதே வாங்கி வாருங்கள் என்று நண்பரை அனுப்பினார். மாட்டி முடித்து, மிக்ஸர் ஸ்க்ரூவை கால் சுற்று உள்ளே திருப்பினார். சந்தைச் சுற்றி இரண்டு முறை ஓட்டிப் பார்த்தோம், வெடிக்கவில்லை. விலை பேச வந்த கடைக்காரருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

புறப்படும்போது பாய் ஜன்னலில் குனிந்தார். “மெட்ராஸ் போனதும் அந்த ஸ்க்ரூவை கால் சுற்று வெளியே விடச் சொல்லுங்க. மறந்தீங்கன்னா அடுத்த வெடி முன்னாடி.”