விளக்குச் சரமும் வீட்டுச் சுவரும்

கார்த்திகை விளக்கீட்டன்று வாயிற்படியில் வைத்த சுட்டிகளின் எண்ணெய்க்கறை மறையுமுன்னரே நத்தார்ப் பண்டிகை வந்துவிடுகின்றது. சைவ இல்லத்தில் ஒளி ஓய, அடுத்த வளவிலுள்ள கிறித்தவ இல்லத்தில் ஒளி தொடங்குகின்றது. மழையும் இருளும் மிகுந்த மார்கழியில் வண்ண விளக்குகள் மின்னும் வீடொன்று, தெருவாற் செல்வோர் எல்லோர்க்கும் பொதுவான மகிழ்ச்சியாகும். ஆயின், அம்மகிழ்ச்சிக்காக வீட்டுச் சுவர் எதனை இழக்கின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது.

விழா பத்து நாளில் முடிகின்றது. ஆணி அறைந்த துவாரமோ பல ஆண்டுகள் நிற்கின்றது. சரத்தைக் கழற்றும்போது ஆணியுடன் காரை பெயர்கின்றது. பசைநாடாவுடன் வர்ணப்பூச்சு உரிகின்றது. பிடுங்காது விட்ட ஆணி மழையில் துருப்பிடித்துச் சுவரிற் செந்நிறக் கோடு இழுக்கின்றது. சொந்த வீடாயின் அடுத்த வெள்ளையடிப்பு வரையிற் பொறுத்துக்கொள்ளலாம். வாடகை வீட்டில் வாழும் குடும்பத்துக்கோ, கொடுத்த முற்பணத்துக்கும் வீட்டுக்காரருடன் உள்ள நல்லுறவுக்கும் அதுவே ஊறாகிவிடும்.

இவற்றினும் பெரிய கேடொன்று உண்டு. இக்கால வீடுகளில் மின்கம்பிகள் சுவரினுள்ளே மறைத்துப் பதிக்கப்பெற்றுள்ளன. அவை பெரும்பாலும் சுவிச்சிலிருந்தும் மின்குதையிலிருந்தும் நேர்மேலாகவோ, நேர்கீழாகவோ, பக்கவாட்டாகவோ செல்வன. அவ்வழியில் அறையப்படும் ஆணி, சுவரை மட்டுமன்றி அறைபவரின் உயிரையும் தொடக்கூடும். ஆகவே, ஆணியின்றி விளக்குத் தொங்கவிடும் வழியை அறிந்துகொள்வது வெறும் அழகுணர்ச்சி சார்ந்ததன்று. இல்லத்தாரின் பாதுகாப்பும் அதில் அடங்கியுள்ளது.

இச்சரங்கள் முதன்முதலிற் சுவருக்காக ஆக்கப்பட்டவையல்ல. நத்தார் மரத்தில் மெழுகுதிரி ஏற்றுவதே முன்னைய வழக்கம். அதனால் மரம் தீப்பற்றுதலும் உண்டு. 1882ஆம் ஆண்டு மார்கழியில், எடிசனின் கூட்டாளியாகிய எட்வேட் ஜோன்சன் என்பார் நியூயோர்க்கிலுள்ள தமது இல்லத்தில், சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களில் 80 மின்குமிழ்களை மரமொன்றில் ஒளிரச் செய்தார். மரத்துக்குக் கிளைகள் உண்டு. சரம் கிளைமேற் படுத்துக்கொள்கின்றது. நம் நாட்டில் வீட்டு மூலையில் நாட்டும் சவுக்கங் கிளைக்கும் இது பொருந்தும். சுவருக்கோ கிளையில்லை. எனவே, கிளையின் வேலையைச் செய்யக்கூடியது வீட்டில் வேறென்ன உண்டு என்று தேடுதலே முதற் கடமையாகும்.

தேடினால் நிறையவே கிடைக்கும். விறாந்தைத் தூண், யன்னற் கம்பி, திரைச்சீலை தொங்கும் கோல், படிக்கட்டுக் கைபிடி, கூரைத் தீராந்தி, மழைநீர்ப் பீலியின் விளிம்பு ஆகிய யாவும் விளக்கைத் தாங்க வல்லவை. தூணுக்குப் பழஞ்சேலைத் துண்டொன்றை முதலிற் சுற்றி, அதன்மேற் கயிற்றைக் கட்டினால் வர்ணத்திற் கீறல் விழாது. பீலியின் விளிம்பிற் கொழுவுவதற்கெனப் பிளாஸ்ரிக் கொழுக்கிகள் விற்கப்படுகின்றன. கதவு நிலையின் இரு பக்கங்களுக்குமிடையே, உள்ளே சுருள்வில் அமைந்த கோலொன்றை அழுத்தி நிறுத்தினால், ஆணியும் பசையுமின்றி அது தானே நிற்கும்.

இரும்பு யன்னற் கம்பியிற் கட்டுவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மின்வடத்தின் உறை தேய்ந்தால் யன்னல் முழுவதும் மின்னேற்றம் பெறக்கூடும். ஆகையால், வடம் இரும்பிற் படாவண்ணம் துணிநாடாவால் இடைவெளி விட்டுக் கட்டுக; யன்னற் கதவின் இடுக்கில் வடம் நசுங்குவதற்கும் இடங்கொடாதீர்கள்.

நீண்ட இடைவெளியைக் கடக்கும்போது சரத்தையே இழுத்துக் கட்டுதல் தவறு. முதலில் மெல்லிய நைலோன் கயிறொன்றைக் கட்டி, அதில் அரை மீற்றருக்கு ஒருமுறை சரத்தைத் துணிநாடாவால் முடிதல் வேண்டும். பாரத்தைக் கயிறு தாங்கட்டும்; மின்வடம் ஒளியை மட்டும் தாங்கட்டும்.

கயிற்றை எவ்வளவு இறுக்குவது? இங்கேதான் பலரும் சுவருக்குத் துன்பம் செய்கின்றனர். வளையாத நேர்கோடே அழகு என எண்ணி, வலிந்து இழுத்துக் கட்டுகின்றனர். மாணவர் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 4 மீற்றர் இடைவெளியில், கயிறும் சரமுமாக 400 கிராம் எடை தொங்குவதாகக் கொள்வோம். நடுவில் 20 சென்ரிமீற்றர் தொய்வு விட்டால், ஒவ்வொரு முனையையும் கிடையாக இழுக்கும் விசை ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடைக்குச் சமமாகும். தொய்வை 5 சென்ரிமீற்றராகக் குறைத்தால், அதே சரம் நான்கு கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் இழுக்கும். மொத்த எடையை இடைவெளியாற் பெருக்கித் தொய்வின் எட்டு மடங்கால் வகுத்தால் இவ்விடை கிடைக்கும். தொய்வு காற்பங்கானால் இழுவை நான்கு மடங்காகின்றது. முற்றும் நேர்கோடாக்கவோ எவ்விசையும் போதாது. கொழுக்கியைப் பிடுங்குவது விளக்கின் பாரமன்று, கட்டியவரின் அவசர இறுக்கமே. மாலைபோற் சற்றே தொய்ந்து தொங்கும் சரம் கண்ணுக்கும் இனிது, சுவருக்கும் இனிது.

தூணும் கம்பியும் இல்லாத வெறுஞ்சுவராயின் பசையை நாட வேண்டியிருக்கும். 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவில் றிச்சேட் ட்றூ என்பார் ஒருவகைப் பசைநாடாவை ஆக்கினார். மோட்டார் வண்டிகளுக்கு இரு நிறம் தீட்டுவோர், எல்லைக்கோட்டுக்காக ஒட்டிய நாடாவை எடுக்கும்போது புதிய வர்ணமும் சேர்ந்து உரிந்ததைக் கண்டு, வர்ணத்தை உரிக்காத நாடாவை அவர் தேடினார். எனவே, எளிதில் எடுக்கக்கூடிய பசை வேறு, வலிந்து பற்றும் பசை வேறு என்பதை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். பொதி கட்டும் பழுப்பு நாடாவைச் சுவரில் ஒட்டுதல் எக்காலும் ஆகாது.

பசை எதனைப் பற்றுகின்றது என்பதையும் அறிதல் நன்று. அது சுவரைப் பற்றுவதில்லை. சுவரின் மேற்பூச்சையே பற்றுகின்றது. சுண்ணாம்பு வெள்ளையடித்த சுவரை விரலாற் தடவினால் வெண்பொடி ஒட்டும். நீறிய சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்றுக் கல்சியங்காபனேற்றாகும்போது உண்டாகும் மெல்லிய படையே அது. அதிற் பசை ஒட்டினால் பொடியைப் பற்றிக்கொண்டு இரவிலேயே விழும். டிஸ்ரெம்பர் பூசிய சுவருக்கும் இதே நிலைதான். அத்தகைய சுவருக்குப் பசை வேண்டா. எமல்சன் வர்ணம் பூசி நன்கு உலர்ந்த சுவர், எனாமல் பூசிய கதவு நிலை, கண்ணாடி, தரையோடு ஆகியவற்றிற் பசை நன்கு நிற்கும். வர்ணம் பூசி ஒரு வாரமேனும் ஆகியிராத சுவரைத் தொடாதிருத்தல் நலம். மாரிகாலத்து ஈரம் ஊறிய வெளிச்சுவரிலும் பசை நிலைக்காது.

இக்காலத்தில், இழுத்தால் நீண்டு கழலும் பசைப்பட்டையுடன் சிறு கொழுக்கிகள் கிடைக்கின்றன. ஒட்டுமுன் அவ்விடத்தை ஐசோபுரோப்பைல் மதுசாரம் தோய்த்த துணியால் துடைத்து உலரவிடுக. சவர்க்கார நீர் வேண்டா, அதன் படிவு பசையைத் தடுக்கும். முப்பது வினாடி அழுத்திப் பிடித்து, ஒரு மணி நேரம் கழித்தே பாரத்தைத் தொங்கவிடுக. உறையில் அச்சிட்டுள்ள எடைக்கு மேல் ஏற்றாதீர்கள். கழற்றும்போது வாலை உம்மை நோக்கி இழுத்தலாகாது; சுவரோடு ஒட்டியவாறே கீழ்நோக்கி, மெல்ல, ஒரு சாண் நீளும்வரை இழுத்தால், பட்டை மெலிந்து பிடியைத் தானே விட்டுவிடும். வர்ணம் தப்புவதும் உரிவதும் இழுக்கும் திசையிலேயே தங்கியுள்ளது.

இனி, சரத்தைப்பற்றிச் சில சொற்கள். பழைய இழைக் குமிழ் பெற்ற மின்னின் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியிடும். 5 உவாற்றுக் குமிழ்கள் 25 கொண்ட சரம் 125 உவாற்றை உண்ணும். அவ்வெப்பம் பசையை இளக்கும், கடதாசி அலங்காரத்தைக் கருக்கும். பாடநூல்கள் ஒளிகாலும் இருவாயி என்று கூறும் எல்.ஈ.டி. மணிகள் நூறு கொண்ட சரமோ பெரும்பாலும் பத்து உவாற்றுக்குள் அடங்கும். நிறையும் வெப்பமும் குறைந்த சரத்துக்குச் சிறு கொழுக்கியே போதுமாதலின், சுவருக்கும் அதுவே நல்லது.

வீட்டு மின்னாகிய 230 வோல்ற்றில் நேரே இயங்கும் பழைய தொடர்ச்சுற்றுச் சரங்களில் மறைந்த அபாயம் ஒன்றுண்டு. இருபது குமிழ்கள் தொடராக இணைந்திருப்பின் ஒவ்வொன்றுக்கும் பதினொன்றரை வோல்ற்றே கிடைக்கும் என்பது உண்மை. ஆயின், ஒரு குமிழைக் கழற்றியதும் சுற்று அறுந்து, அவ்வெற்றுக் குதையின் இரு முனைகளுக்கிடையே 230 வோல்ற்றும் முழுமையாக வந்து நிற்கும். விளக்குகள் அணைந்துவிட்டன, இனி அச்சமில்லை என எண்ணி விரலை வைக்கும் சிறுவனின் நிலையை நினைத்துப் பாருங்கள். குமிழ் மாற்றுமுன் செருகியைக் கழற்றுக. சிறுவர் கைக்கு எட்டும் இடங்களில், சிறு மின்மாற்றி வழியாகத் தாழ்ந்த வோல்ற்றில் இயங்கும் சரங்களையே தொங்கவிடுக.

நத்தார்க் காலம் வடக்கிலும் கிழக்கிலும் வடகீழ்ப் பருவமழைக் காலமாகும். வெளியே தொங்கும் சரத்தின் உறையில் ஐ.பி. 44 என்ற குறியேனும் இருத்தல் வேண்டும். பின்னுள்ள நான்கு, எத்திசையிலிருந்து தெறிக்கும் நீரையும் அது தாங்கும் என்பதைக் குறிக்கும். செருகி வீட்டினுள்ளேயே இருக்கட்டும். வடத்தைக் குதைக்குக் கீழே ஒரு வளைவாக இறக்கிப் பின் மேலேற்றினால், வடத்தின் வழியே ஓடிவரும் நீர் வளைவின் அடியிற் சொட்டிவிடும், குதைக்குட் புகாது. வீட்டின் 30 மில்லியம்பியர் ‘ட்ரிப்’ சுவிச்சிலுள்ள சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே மின் தடைப்படாவிட்டால், அதனைத் திருத்தும்வரை வெளியே விளக்கு வேண்டா. பாசி பிடித்த ஓட்டின்மேல் ஏறுதலும் வேண்டா. ஏணியில் நிற்பவருக்குக் கீழே ஏணியைப் பிடிக்க ஒருவர் இருத்தல் வேண்டும்.

மூவிராசாக்கள் திருநாளாகிய தை 6ஆம் திகதியுடன் அலங்காரங்களை அகற்றும் வழக்கம் கிறித்தவ இல்லங்கள் பலவற்றில் உண்டு. நல்ல வழக்கம் அது. நெடுநாள் நிற்கும் பசை இறுகும், வெயிலும் மழையும் பட்ட உறை வெடிக்கும். கழற்றிய சரத்தை மட்டையொன்றிற் சிக்கலின்றிச் சுற்றி, உறையில் வெடிப்புண்டோவென நோக்கி உலர்ந்த இடத்தில் வைத்தால், அடுத்த ஆண்டுக்கும் அது உதவும். தைப்பொங்கலுக்கோ தீபாவளிக்கோ விளக்குச் சரம் கட்டுவோர்க்கும் இவ்விதிகள் யாவும் அவ்வாறே பொருந்துவன.

இவ்வாண்டு வீட்டில் இவ்வேலையைப் பெற்றோர் தொடங்கும்போது, மாணவர் அளவுநாடாவையும் சமையலறைத் தராசையும் எடுத்துக்கொண்டு உடனிருப்பாராக. சரத்தை நிறுத்து, இடைவெளியை அளந்து, எத்துணைத் தொய்வு விட வேண்டுமென்பதை அவர்களே கணித்துக் கூறட்டும். வகுப்பிற் படித்த பாடம் வீட்டுச் சுவரைக் காத்ததென்று அன்றைக்கே அவர்கள் கண்டுகொள்வர்.